ஏர் பிடித்த கையும் நாற்று நட்ட கையும்

போன டிசம்பர் முதல் வாரம் எங்க ஃபைனல் இயர் புராஜெக்ட்டைத் தூக்கிக்கிட்டு திருவாரூர் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனோம். நாங்க மெக்கானிக்கல். டீம்ல நாலு பேர். மூணு பசங்க, ஒரு பொண்ணு. நெல் வயலில் வரிசைக்கு நடுவே ஓட்டிக் களை எடுக்கும் பேட்டரி மெஷின்தான் புராஜெக்ட். கையால் தள்ளும் கோனோவீடர் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மோட்டாரும் பேட்டரியும் மாட்டியது மட்டும்தான் எங்க பங்கு.

வயலில் எட்டுப் பெண்கள் வரிசையாகக் குனிந்து கையால் களை பறித்துக்கொண்டிருந்தார்கள். வயலுக்குச் சொந்தக்காரர் அவர்களை நிறுத்தச் சொல்லிவிட்டு எங்களைக் கூப்பிட்டார். அவர்களில் மூத்தவரான ஓர் அம்மா மெஷினை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, இது ஆம்பளைக்கா, பொம்பளைக்கா?"

"உங்களுக்குத்தாம்மா" என்றேன். பெருமையாத்தான் சொன்னேன்.

அவர் பிடித்துப் பார்த்தார். கைப்பிடி அவர் நெஞ்சு உயரத்துக்கு வந்தது. நேராகப் போகும்போது சமாளித்தார். வரப்பு ஓரத்தில் திருப்பணும்னா மெஷினைச் சேற்றிலிருந்து தூக்கணும். 16 கிலோ. ரெண்டு தடவை முயற்சி பண்ணிட்டு, சிரிச்சுக்கிட்டே விட்டுட்டாங்க. சொந்தக்காரர் பக்கத்து வயலில் நின்ற ஓர் அண்ணனைக் கூப்பிட்டார். அவர் அரை மணி நேரம் அழகாக ஓட்டினார். நாங்க வீடியோ எடுத்தோம். "நல்லாருக்கு தம்பி. ரெண்டு ஆம்பள ஆள் இருந்தா போதும்போல" என்றார் சொந்தக்காரர். ரிவ்யூவுக்கு இதைவிட நல்ல ஃபீட்பேக் வேணுமா? அந்த எட்டுப் பேரும் வரப்பில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எங்க டீம் பொண்ணு கேட்டாள்: "அந்த ஹேண்டில் ஹைட் யாரை வச்சு முடிவு பண்ணீங்க?"

என்னை வச்சுத்தான். என் உயரம் 178 செ.மீ. வொர்க்‌ஷாப்ல நான் நின்னு பாத்து, வசதியா இருக்குன்னு சொன்னதும் வெல்டு வச்சாச்சு. அவளை நிக்க வச்சுப் பார்க்கவே இல்லை, ஏன்னா அவ அப்ப லேப்டாப்ல டாகுமெண்டேஷன் பண்ணிக்கிட்டிருந்தா. அந்த வேலையை அவளுக்குக் கொடுத்ததும் நான்தான். யோசிச்செல்லாம் கொடுக்கலை. அப்படித்தானே கொடுப்போம்?

அந்த 'அப்படித்தானே' எங்கிருந்து வந்ததுன்னு தேடிப் போனப்ப கிடைச்சதுதான் இந்தக் கட்டுரை. தேடல் போய் நின்ற இடம் கலப்பை.

கலப்பை ஏன் ஆண் கைக்குப் போனது?

எஸ்தர் போசரப் டென்மார்க்கைச் சேர்ந்த பொருளியலாளர். 1950களின் கடைசியில் சில ஆண்டுகள் இந்தியாவில் தங்கி வேலை செய்தவர். பொருளாதார வளர்ச்சியில் பெண்களின் பங்கு பற்றி 1970-ல் அவர் எழுதிய புத்தகம்தான் இந்த விவாதத்தை ஆரம்பித்து வைத்தது. அவர் கவனித்தது ரொம்ப எளிமையான விஷயம். உலகத்தில் விவசாயம் எல்லா இடத்திலும் ஆண் வேலை கிடையாது. ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியில் காட்டை வெட்டி எரித்து, மண்வெட்டியும் தோண்டுகோலும் வைத்துப் பயிர் செய்தார்கள். மரம் வெட்டுவது மட்டும் ஆண்கள். கொத்துவது, விதைப்பது, களை எடுப்பது, அறுப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள். ஏர் பூட்டி உழும் இடங்களுக்கு வந்தால் படம் தலைகீழாக மாறுகிறது. முக்கிய வேலை ஆண் கைக்குப் போய்விடுகிறது. பெண்ணுக்கு வீடு, அல்லது வயலின் 'சில்லறை' வேலைகள்.

ஏன்? நாம இன்ஜினியரிங் ஸ்டூடண்ட்ஸ், கணக்குப் போட்டே பார்த்துடலாம். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். நாட்டுக் கலப்பை ஒரு சாலில் 15 செ.மீ அகலம் உழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 4,047-ஐ 0.15-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 27,000 மீட்டர். ஒரு ஏக்கரை ஒரே ஒரு தடவை உழ 27 கிலோமீட்டர் நடக்கணும். ரோட்டில் இல்லை, கிளறிவிட்ட மண்ணில், ரெண்டு மாட்டுக்குப் பின்னால். நெல்லுக்கு ஒரு உழவு போதாது. மூணு, நாலு தடவை உழுவார்கள்.

இழுக்கிற வேலை மாட்டுடையது. பின்னால் போகும் மனிதன்தான் கண்ட்ரோல் சிஸ்டம். ஒரு கையில் மேழி, இன்னொரு கையில் சாட்டை. ('மேழி'ன்னா கலப்பையின் கைப்பிடி. பன்னிரண்டாவது வரைக்கும் இங்கிலீஷ் மீடியம் படிச்ச எனக்கு இந்த வார்த்தையே அந்த வரப்பில்தான் கிடைச்சது.) மேழியை அழுத்தியும் தளர்த்தியும் ஆழத்தைச் சரியாக வைக்கணும். கொழு கல்லில் மாட்டினால் உடனே தூக்கணும். மாடு முரண்டு பிடித்தால் நிறுத்தணும். கையின் பிடியும் தோளின் பலமும் திடீர் திடீரென்று தேவைப்படுகிற வேலை. சராசரியாகப் பார்த்தால் அந்தப் பலம் ஆண்களுக்குக் கூடுதல்.

ஆனால் பலம் மட்டும் காரணம் என்று நிறுத்தினால் பாதிக் கதைதான். மாடு பூட்டிய ஏரை நடுவில் விட்டுவிட்டு அழுகிற குழந்தைக்குப் பால் கொடுக்க முடியாது. மண்வெட்டி வேலையில் அது முடியும். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டே கொத்தலாம், வேண்டும்போது நிறுத்தலாம். இன்னொரு காரணமும் உண்டு. உழவு மண்ணைப் புரட்டிக் களையைக் குறைக்கிறது. மண்வெட்டி விவசாயத்தில் பெண்களும் குழந்தைகளும் செய்த பெரிய வேலையே களை எடுப்பதுதான். கலப்பை வந்ததும் அந்த வேலைக்கு இருந்த மதிப்பு இறங்கியது.

எத்தியோப்பியாவில் ஒரே நாட்டுக்குள்ளேயே இந்த ரெண்டு உலகமும் இருக்கு. வடக்கு மேட்டுநிலத்தில் டெஃப் என்கிற பொடித் தானியம். மரேஷா என்ற மாட்டுக் கலப்பையால் ஆண்கள் உழுகிறார்கள். தெற்கே என்செட், பார்க்க நம்ம வாழை மாதிரியே இருக்கும். அதன் அடித்தண்டைச் சுரண்டி, புளிக்க வைத்து உணவாக்குவது முழுக்கப் பெண்கள் வேலை.

சரி, இதெல்லாம் பழைய கதை, இப்ப டிராக்டர் வந்தாச்சேன்னு கேக்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன்.

மூணு பேர் செய்த சோதனை

அல்பெர்ட்டோ அலெசினா, பாவ்லா ஜூலியானோ, நேதன் நன் என்ற மூன்று பொருளியலாளர்கள் 2013-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். போசரப் சொன்னதை டேட்டாவால் சோதித்தார்கள். ஜார்ஜ் பீட்டர் மர்டாக் என்ற மானுடவியலாளர் உலகின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமூகங்களின் பழைய வாழ்க்கை முறையை அட்டவணைப்படுத்தி வைத்திருந்தார். யார் கலப்பை பயன்படுத்தினார்கள், யார் பயன்படுத்தவில்லை என்பது அதில் இருந்தது. அந்தச் சமூகங்களின் வாரிசுகள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்பதை மொழி வரைபடங்கள் வழியாகப் பொருத்தினார்கள். பிறகு இன்றைய நிலையைப் பார்த்தார்கள்: பெண்கள் எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள், எத்தனை பேர் நாடாளுமன்றத்தில் இருக்கிறார்கள், 'வேலை பற்றாக்குறையாக இருக்கும்போது பெண்ணைவிட ஆணுக்கே முன்னுரிமை' என்பதை எத்தனை பேர் ஒத்துக்கொள்கிறார்கள்.

2000-ஆம் ஆண்டில் பாகிஸ்தானில் பெண்களின் வேலைப் பங்கேற்பு சுமார் 16 சதவீதம், புருண்டியில் சுமார் 90 சதவீதம் என்ற இடைவெளியைக் காட்டித்தான் அவர்கள் ஆரம்பிக்கிறார்கள். முன்னோர்கள் கலப்பை பிடித்த சமூகங்களில் இன்றைக்கும் சராசரியாகப் பெண்கள் வேலைக்குப் போவது குறைவு, அரசியலில் இருப்பது குறைவு, ஆணுக்கே முன்னுரிமை என்ற எண்ணம் அதிகம். இன்றைய வருமானம் மாதிரியான விஷயங்களைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் இந்தத் தொடர்பு நிற்கிறது.

இங்கே ஸ்டாடிஸ்டிக்ஸ் கிளாஸ் தூங்காமல் கேட்டவர்கள் கை தூக்குவார்கள். தொடர்பு வேறு, காரணம் வேறு. ஒருவேளை முதலிலேயே ஆணாதிக்கம் அதிகமாக இருந்த சமூகங்கள்தான் கலப்பையை எடுத்துக்கொண்டனவோ? நியாயமான சந்தேகம். அதுக்கு அவங்க செஞ்ச வேலைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. கோதுமை, பார்லி மாதிரியான பயிர்களுக்கு உழவு பெரிய லாபம். குறுகிய பருவத்துக்குள் பெரிய பரப்பை ஒரே மூச்சில் தயார் செய்யணும். சோளம், கம்பு மாதிரியானவை மெலிந்த நிலத்திலும் சரிவான நிலத்திலும் வரும். கலப்பையால் கிடைக்கும் கூடுதல் லாபம் குறைவு. ஒரு இடத்தின் மண்ணும் மழையும் எந்தப் பயிருக்கு ஏற்றது என்பதை அங்கிருந்த மனிதர்களின் மனநிலை தீர்மானிப்பதில்லை. அதனால் கலப்பையை நேரடியாகப் பார்க்காமல், 'கலப்பைப் பயிருக்கு ஏற்ற மண்' என்பதை வைத்துப் பார்த்தார்கள். அப்போதும் முடிவு அதே பக்கம்தான் சாய்ந்தது.

இன்னொரு சோதனை இதைவிட நேரடியானது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பிறந்து வளர்ந்த, குடியேறியவர்களின் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரே நாடு, ஒரே சட்டம், ஒரே வேலைச் சந்தை. அவர்களில் யாரும் கலப்பையைத் தொட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் பெற்றோர் எந்த நாட்டிலிருந்து வந்தவர்கள், அந்த முன்னோர்கள் ஏர் பிடித்தவர்களா என்பதைப் பொறுத்து வித்தியாசம் தெரிந்தது. கலப்பை கப்பல் ஏறவில்லை. வீட்டுக்குள் பேசிய பேச்சு ஏறியிருக்கு.

ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் சராசரி. 'உன் பாட்டன் உழுதார், அதனால நீ இப்படித்தான் இருப்பே'ன்னு யாரைப் பார்த்தும் சொல்லுற கணக்கு இல்லை இது.

விதி தனியா நிக்கிற விதம்

ஒரு வேலையை ஆயிரம் வருஷம் ஒரு தரப்பே செய்தால், 'அவர்கள் செய்கிறார்கள்' என்பது 'அவர்கள்தான் செய்யணும்' என்று மாறி, பிறகு 'மற்றவர்கள் செய்யவே கூடாது' என்று ஆகிவிடுகிறது. ஜார்க்கண்டில் பல சமூகங்களில் பெண் கலப்பையைத் தொடவே கூடாது. தொட்டால் ஊருக்கே கேடு என்ற நம்பிக்கை. 'அவளால் முடியாது' என்பதுதான் உண்மையான காரணம் என்றால் தடை எதுக்கு? முடியாத வேலைக்கு யாரும் தடை போட மாட்டாங்க. இதுக்கு நேர் எதிரா, பீகார், கிழக்கு உத்தரப் பிரதேசப் பகுதிகளில் மழை பொய்த்துப்போனால் பெண்கள் ராத்திரியில் ஏர் பிடித்து உழும் சடங்கு இருந்திருக்கு. உலகம் தலைகீழாகிவிட்டது, வானமே பார் என்று சொல்வது மாதிரி. பெண் உழுவது அவ்வளவு பெரிய தலைகீழ்!

நம்பிக்கை மட்டுமா? நிலமும் சேர்ந்துகொள்கிறது. உழுகிறவன் பெயரில் நிலம், நிலம் இருப்பவன் பெயரில் கடன், கடன் கிடைப்பவன் பெயரில் டிராக்டர். இன்றைய டிராக்டரில் பவர் ஸ்டீயரிங் இருக்கு. கலப்பையை இறக்கவும் ஏற்றவும் ஒரு ஹைட்ராலிக் லீவர், ரெண்டு விரல் போதும். போசரப் சொன்ன தோள் பலம் அங்கே தேவையே இல்லை. ஆனாலும் உங்க ஊரில் டிராக்டர் ஓட்டும் பெண்களை எண்ணிப் பாருங்க. காரணம் செத்துப்போச்சு, அது பெத்த விதி பட்டாவிலும் பேங்க் ஃபைலிலும் உயிரோட இருக்கு. தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் திருத்தம் வந்ததே 1989-ல்தான். நாடு முழுக்க வர 2005 ஆனது.

நம்ம நெல் வயல் கொஞ்சம் வேற மாதிரி

இதுவரைக்கும் படித்ததை அப்படியே காவிரி டெல்டாவில் கொண்டுபோய் வைத்தால் சரியாகப் பொருந்தாது. நெல்லுக்கும் கலப்பை வேணும். உழுவது, பரம்படிப்பது, வரப்பு வெட்டுவது எல்லாம் ஆண்கள். ஆனால் அதோடு நெல் முடிவதில்லை. நாற்றங்காலிலிருந்து பறித்த நாற்றை ஒவ்வொன்றாகச் சேற்றில் நடணும். ஒரு சில நாளுக்குள் முடிக்கணும், நாற்று முற்றிப் போகும். நடவுக்கும் களைக்கும் அவ்வளவு கைகள் வேணும், அந்தக் கைகள் பெண்களுடையவை. கோதுமை வயலில் கலப்பை பெண்ணை வீட்டுக்கு அனுப்பியது. நெல் வயல் அவளைத் திரும்பவும் வெளியே கூப்பிட்டது.

இது சின்ன வித்தியாசம் இல்லை. உயிர் சம்பந்தப்பட்டது. 1974-ல் பிரணாப் பர்தன் ஒரு கேள்வி கேட்டார்: வடமேற்கு இந்தியாவில் பெண் குழந்தைகள் ஏன் இவ்வளவு குறைவாகப் பிழைக்கிறார்கள், தெற்கிலும் கிழக்கிலும் ஏன் நிலைமை அவ்வளவு மோசமில்லை? அவர் காட்டிய காரணங்களில் ஒன்று நெல். பெண்ணின் உழைப்புக்கு வயலில் தேவை இருந்தால், வீட்டில் பெண் குழந்தை வெறும் செலவாகப் பார்க்கப்படுவது குறைகிறது. கேக்கவே கசப்பாத்தான் இருக்கு.

2014-ல் எலியானா கர்ரான்சா இதையே மண்ணை வைத்துப் பார்த்தார். மணலும் களியும் கலந்த பொலபொலப்பான மண்ணில் ஆழமாக உழலாம். அப்படி உழுத நிலத்தில் நடவு, களை மாதிரி பெண்கள் செய்யும் வேலைக்குத் தேவை குறைகிறது. கெட்டியான களிமண்ணில் ஆழ உழவு கஷ்டம்; பெண்களின் வேலை நிற்கிறது. இந்திய மாவட்டங்களை ஒப்பிட்டபோது, பொலபொலப்பான மண் அதிகமுள்ள இடங்களில் பெண்கள் வயல் வேலைக்கு வருவதும் குறைவு, ஆண் குழந்தைகளுக்கு எதிரான பெண் குழந்தைகளின் எண்ணிக்கையும் குறைவு. மண்ணின் தன்மை ஒரு பெண் குழந்தை உயிரோடு இருப்பதுவரை வந்து நிற்கிறது. இதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி என்னால வேற எதையும் படிக்க முடியலை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயது வரையுள்ள 1,000 ஆண் குழந்தைகளுக்கு ஹரியானாவில் 834 பெண் குழந்தைகள், பஞ்சாபில் 846, தமிழ்நாட்டில் 943. உடனே காலரைத் தூக்கிவிட வேண்டாம். உசிலம்பட்டி என்ற பெயர் 1980களில் நாடு முழுக்க எதற்காகப் பேசப்பட்டது என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். பெண் சிசுக்கொலையைத் தடுக்க அரசு 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டிய நிலைமை இருந்தது. மானாவாரிப் பகுதிகளில் கம்பும் சோளமும்தான் விளைந்தன. அலெசினா கணக்குப்படி அவை பெண்ணுக்குச் சாதகமான பயிர்கள். ஆனாலும் அது நடந்தது. வரதட்சணை, சாதி, நிலத்தின் கைமாற்றம் எல்லாம் சேர்ந்த கதை அது. கலப்பை ஒரு சாவி. எல்லாப் பூட்டையும் அது திறக்காது.

இன்னொன்று. வயலுக்கு வந்ததால் பெண்ணுக்குச் சமக் கூலி கிடைத்துவிடவில்லை. நம்ம ஊரில் ஆண் ஆளுக்கு ஒரு கூலி, பெண் ஆளுக்கு ஒரு கூலி. 1976-லேயே சம ஊதியச் சட்டம் வந்துவிட்டது: ஒரே மாதிரியான வேலைக்கு ஒரே சம்பளம். அதில்தான் ஓட்டை. ஆண் செய்யும் வேலையும் பெண் செய்யும் வேலையும் வேற வேறன்னு முன்னாடியே பிரிச்சாச்சு. உழவு வேறு, நடவு வேறு. 'ஒரே வேலை' என்பதே வயலில் இல்லாதபோது சட்டம் எதைப் பிடித்துக்கொள்ளும்? நூறு நாள் வேலைத்திட்டத்தில் இந்தப் பிரிவினை இருக்கவில்லை, கூலியும் ஒன்றாகத்தான் இருந்தது. தமிழ்நாட்டில் அந்த வேலை நாட்களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் பெண்கள் செய்தார்கள். 'பெண்கள் கடினமான வேலைக்கு வர மாட்டார்கள்' என்பவர்களுக்கு அந்த எண்ணிக்கையே போதும்.

மறுபடியும் எங்க மெஷின்

இப்ப அந்த 16 கிலோவுக்கு வருவோம். நான் முதல்ல நினைச்சது, 'அவங்களால தூக்க முடியலை, பலம் பத்தலை'. இது தப்பு. அதே அம்மா தினமும் குடத்தில் தண்ணீர் தூக்குகிறவர். 15 லிட்டர் பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் 15 கிலோ. அதை இடுப்பில் வைத்து, உடம்பை ஒட்டி, நடக்கிறார். என்னைக் குடம் தூக்கச் சொன்னா பாதி தண்ணி வழியில போயிடும்.

பிரச்சினை எடை இல்லை. எடை இருந்த தூரம். எங்க மெஷினில் மோட்டாரும் பேட்டரியும் முன்பக்கம். கைப்பிடி நெஞ்சு உயரத்தில், நீட்டிய கையில். தோளிலிருந்து சுமையின் தூரம் கூடக் கூடத் திருப்புவிசை கூடும். ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ் பேப்பரில் நாங்க எல்லோரும் எழுதி பாஸ் பண்ணின சமன்பாடு. உயரமான ஒருத்தருக்குக் கைப்பிடி இடுப்புக்கு வருது, கை மடங்குது, உடம்பு எடை உதவுது. குள்ளமான ஒருத்தருக்கு அதே மெஷின் தூக்கவே முடியாத மெஷின். நாங்க ஒரு 178 செ.மீ ஆளை இரும்பில் வடித்துவிட்டு, அதில் பொருந்தாதவர்களைப் பார்த்து 'பலம் இல்லை' என்றோம்.

அப்புறம்தான் தெரிஞ்சது, இது எங்களுக்கு முன்னாடியே நடந்த கதை. திருந்திய நெல் சாகுபடி வந்தபோது 22.5 செ.மீ இடைவெளியில் சதுரமாக நடச் சொன்னதே வரிசைக்கு நடுவே கோனோவீடர் ஓட்டத்தான். கையால் களை எடுக்கும்போது அது பெண்கள் வேலை. கருவி வந்ததும் பல இடங்களில் அது ஆண்கள் கைக்கு மாறியது, கூலியும் கூடியது. அதே களை, அதே சேறு, அதே வயல். போசரப்பும் 1970-ல் இதைத்தான் எழுதினார்: ஆப்பிரிக்காவில் காலனி அதிகாரிகள் புதிய விவசாய முறைகளை ஆண்களுக்கே கற்றுக்கொடுத்தார்கள், மண்வெட்டியோடு விவசாயம் செய்துகொண்டிருந்த பெண்கள் மண்வெட்டியோடேயே விடப்பட்டார்கள்.

'இதெல்லாம் விவசாயம், நம்ம சிஎஸ்இ பசங்களுக்கு என்ன சம்பந்தம்'னு நினைக்கிறவங்களுக்கு ஒரு வரி. 1946-ல் அமெரிக்காவில் எனியாக் கம்ப்யூட்டரை உலகத்துக்குக் காட்டியபோது அதற்கு புரோகிராம் எழுதியவர்கள் ஆறு பெண்கள். ஹார்டுவேர் செய்வதுதான் பெரிய வேலை, புரோகிராம் செய்வது கிளார்க் வேலை மாதிரி என்று நினைத்ததால் அவர்களிடம் கொடுக்கப்பட்டது. அந்த வேலைக்குப் பணமும் மரியாதையும் வந்த பிறகு ஆட்கள் மாறினார்கள். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் வாங்கியவர்களில் பெண்கள் 1984-ல் சுமார் 37 சதவீதம். 2010 வாக்கில் சுமார் 18 சதவீதம். கீபோர்டு தட்ட எந்தத் தோள் பலம் வேணும்? நம்ம ஊரில் சிஎஸ்இ கிளாஸில் பாதிப் பேர் பொண்ணுங்க, மெக்ல அறுபது பேருக்கு ரெண்டு மூணு பேர். ஏசி ரூம், உட்கார்ந்த வேலைன்னா பொண்ணுக்கு 'சேஃப்'னு நாம வேற ஒரு கோடு போட்டிருக்கோம். கோடு எங்கே விழுதுன்னு ஊருக்கு ஊர் மாறுது, ஆனா எல்லா ஊரிலும் அது இயற்கையாவே அங்க இருந்த மாதிரிதான் பேசுறாங்க.

ஜனவரியில் மெஷினைப் பிரித்தோம். இப்போது கைப்பிடி 75 செ.மீ முதல் 105 செ.மீ வரை ஏற்றி இறக்கலாம். பேட்டரியைப் பின்பக்கம் கொண்டுவந்தோம். திருப்பும்போது தூக்கத் தேவையில்லாத மாதிரி பின்னால் ஒரு மிதவை. அதன் மேல் சாய்த்துத் திருப்பினால் போதும். மிதவை ஐடியாவும் அதன் வெல்டிங்கும் எங்க டீம் பொண்ணோடது. டாகுமெண்டேஷன் இப்ப என்கிட்ட. ஒரு விஷயம் ஒத்துக்கணும், அது லேசான வேலை இல்லை. மூணு செமஸ்டரா அவ எங்களுக்காகச் செஞ்சதை நான் வேலைன்னே எண்ணலை.

ஆனால் டைமிங் சிக்கல் ஒன்று இருக்கு. எங்க ஃபைனல் ரிவ்யூ ஏப்ரலில். டெல்டாவில் குறுவை ஜூனில்தான் ஆரம்பிக்கும். அதே வயலில், அதே எட்டுப் பேரை வைத்துச் சோதிக்க முடியாமலே மார்க் வாங்கிட்டுப் போயிடுவோம். அதனால ஜூலையில் எங்க நாலு பேரில் யாருக்கு ஜாயினிங் தேதி தள்ளிப்போகுதோ அவங்க மெஷினைக் கொண்டுபோறதுன்னு பேசி வச்சிருக்கோம்.

போன வாரம் அந்த அம்மாவுக்கு போன் பண்ணினோம். கைப்பிடியைக் குறைச்சாச்சு, இனிமே தூக்க வேண்டாம், நீங்களே ஓட்டலாம்னு ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் மாத்தி மாத்திச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம் கேட்டார்: "அது சரி தம்பி, மெஷினு யாரு வூட்டுல இருக்கும்?"

சொந்தக்காரர் வீட்டில் இருந்தால் ஓட்டுவது யாராக இருந்தாலும் எட்டு கூலி ரெண்டு கூலியாகும், மிச்சம் அவருக்கு. அவர்கள் மகளிர் குழுவின் பெயரில் இருந்து, அவர்களே ஏக்கருக்கு இவ்வளவு என்று வாடகைக்கு ஓட்டினால் கணக்கே வேற. எங்க ரிப்போர்ட்டில் பேட்டரி ஆயுளுக்கு ஒரு சாப்டர் இருக்கு, பிளேடு தேய்மானத்துக்கு ஒரு சாப்டர் இருக்கு. இதுக்கு இல்லை. குழுக்கடனில் ஒரு மெஷின் வாங்கினால் எத்தனை பருவத்தில் அசல் திரும்பும் என்று இந்த வாரம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். ரெண்டு நாளா உட்கார்ந்திருக்கோம், இன்னும் முடியலை.